பயந்தவரை முதலில் கூப்பிடு

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய தபாலில் ஆறு கடிதம். ஆறும் தம்பிக்கு. எனக்கென்று ஒரு விளம்பரத் துண்டுகூட இல்லை. தபால்காரர் கட்டை நீட்டும்போதே சிரிக்கிறார். "உங்க தம்பி தேர்தல்ல நிக்கப் போறாரா?" என்றார். நின்றாலும் நிற்பான், இவனுக்கு யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லத்தானே தெரியும்.

மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும், நான் வரவேற்பில் இருக்கும் பல் கிளினிக்கிலேயே கடிதங்களைப் பிரித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் பிளாஸ்டர் பல்செட்டை வைத்திருக்கிறேன். கல்லூரி முதல்வர், ஓட்டுநர் சங்கச் செயலாளர், நர்ஸ் பயிற்சிப் பள்ளித் தலைவி எல்லாரையும் அது கடித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை பேருக்கும் கோடை விடுமுறையில் இவன் வந்து பேச வேண்டுமாம்.

யோசித்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. என் தம்பி ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவராகவும் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு இறுதி ஆட்டம். கடைசி நிமிஷம், கோல் முன்னால் ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக விழ, பந்து உள்ளே போனது. கோல் என்று ஊதிவிட்டான். அடித்தது அந்த ஊர் அணி, அவர்களுடைய சொந்த மைதானம், கேட்க வேண்டுமா? ஊரே எழுந்து ஆடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவன் கையைத் தூக்கி, "கோல் இல்லை. பந்து கையில பட்டது. நான் அவசரப்பட்டு ஊதிட்டேன்" என்றான். பிறகு பெனால்டியில் அந்த அணி தோற்றது. திரும்பி வந்த பஸ்ஸில் ஒரு கண்ணாடி மிச்சமில்லை. நெற்றியில் நாலு தையலோடு வாசலில் வந்து நின்றான்.

யார் கையில் பட்டது என்று இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நடுவர் சங்கம் கேட்டது, சொல்லவில்லை. நான் கேட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வருஷம் வானொலியில் அந்த நாளைப் பற்றி இவனைப் பேசச் சொன்னார்கள். பேசினான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அன்றிலிருந்து இந்தக் கடிதங்கள். நாலு பேர் முன்னால் 'நான் செய்தது தப்பு' என்று சொல்வது எப்படி என்று ஊர் ஊராக வந்து பேச வேண்டுமாம்.

பேசட்டும். என் தம்பி பேசினால் கேட்கலாம்.

மார்ச் 5, வியாழன்

போனில் இவன் ஒரே தேதிக்கு இரண்டு ஊருக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். இனி எல்லாம் கடிதத்தில்தான், அதுவும் என் கையெழுத்தோடுதான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். "உத்தரவு, மேடம்" என்றான் கழுதை.

மார்ச் 9, திங்கள்

அந்த இறுதி ஆட்டம் நடந்த ஊரிலிருந்து ஒரு தபாலட்டை.

"உங்கள் தம்பியை எங்கள் ஊரில் பேச அழைக்கிறோம். தேதி சொல்லவும். செயலாளர், விளையாட்டு மன்றம்."

இவ்வளவுதான். வணக்கம் இல்லை, அன்பு இல்லை. எதுக்குக் கூப்பிடுறாங்க? பஸ் கண்ணாடி மட்டும்தான் உடைச்சோம், மிச்சத்தையும் முடிச்சிடலாம்னா? வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு நானே இப்படிப் பயந்தால் பல் பிடுங்க வந்தவர்கள் என்ன ஆவார்கள்? அட்டையைப் பஞ்சு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அவனிடம் சொல்லப் போவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னக்கா, எந்த ஊரு?" என்று கேட்டான். பிறகு எங்கே மறைப்பது?

"போறேன்."

"போய் என்னத்தைக் கிழிக்கப் போற?"

"கூப்பிட்டிருக்காங்கல்ல?"

"கூப்பிட்டா கிணத்துலயும் குதிப்பியா?"

நான் கத்த, அவன் பேசாமல் நிற்க, நான் இன்னும் கத்த — என் வீட்டுக்காரர் எழுந்து போய், சாவி மாட்டும் ஆணியில் தொங்குகிற அந்த விசிலை எடுத்துக்கொண்டு வந்தார். அவனுடைய பழைய விசில். தையல் பிரித்த அன்றைக்கு, "பசங்க யாராவது கேட்டா குடுத்துடு" என்று என்னிடம் போட்டுவிட்டுப் போனது. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அவனும் அதன் பிறகு எந்த ஆட்டத்துக்கும் நடுவராகப் போகவில்லை. "அக்கா தம்பி ரெண்டு பேரும் மைதானத்தை விட்டு வெளிய போறீங்களா, ஊதட்டுமா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. விசிலைப் பார்க்காத மாதிரி கிளம்பிப் போனான்.

நாலு வருஷமாக இவன் பள்ளிக்கூடத்தில் கை தட்டித்தான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறான். கிளினிக் இருக்கிற தெருவின் கோடியில்தான் பள்ளிக்கூடம். காலையில் அந்தத் தட்டல் எனக்கும் கேட்கும். ஒரு வாத்தியார் தினமும் தனக்குத் தானே கை தட்டிக்கொள்கிறான் என்று ஊரில் கிண்டல் வேறு.

மார்ச் 16, திங்கள்

அந்த ஊருக்குப் பதில் எழுதினேன். "தேதிகள் அநேகமாக நிரம்பிவிட்டன. கடைசியில் இடம் கிடைத்தால் தெரிவிக்கிறோம்."

வாயாடி நோயாளிகளுக்கு நான் சொல்லும் அதே பதில். கடைசி என்றால் என்றைக்கும் வராது என்று அர்த்தம். ஊர்ப் பட்டியலின் அடியில் பென்சிலால் அந்த ஊரை எழுதி வைத்தேன். பென்சில்தானே.

மார்ச் 20, வெள்ளி

எட்டு ஊர் முடிவாகிவிட்டது. பஸ், ரயில், தங்குமிடம், ஒலிபெருக்கி, நடுவில் ஒரு நாள் ஓய்வு, எல்லாம் கடிதத்திலேயே. கல்லூரி முதல்வர், "தங்கள் அலுவலகத்தின் ஒழுங்கு வியக்க வைக்கிறது" என்று எழுதியிருக்கிறார். என் அலுவலகம்! எச்சில் துப்பும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். வீட்டுக்காரரிடம் அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தடவை அவரே சொல்லிவிட்டார்.

நர்ஸ் பயிற்சிப் பள்ளித் தலைவி எழுதியதைத்தான் மறக்க முடியவில்லை. மருந்து மாற்றிக் கொடுத்துவிட்ட ஒரு மாணவி, வானொலியில் தம்பியின் பேச்சைக் கேட்டிருந்ததால் ஓடிப் போய் உடனே சொல்லிவிட்டாளாம். நோயாளி பிழைத்துக்கொண்டார். "அவள் உங்கள் தம்பியைப் பார்க்க வேண்டும் என்கிறாள்."

என் தம்பியை. மூக்கு ஒழுகிக்கொண்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவனை. அழுதேன், வேறென்ன.

மார்ச் 24, செவ்வாய்

இன்று கடைவாய்ப் பல் பிடுங்க ஒரு பெரிய மனிதர் வந்தார். போலீஸ்காரர், ஆறடி உயரம். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டுகிற ஆட்டத்தில் மீன்தொட்டித் தண்ணீரே அலை அடித்தது. அவருக்கு முன்னால் நாலு பேர். நான் யாரையும் கேட்கவில்லை, அவரை முதலில் உள்ளே அனுப்பிவிட்டேன். மற்றவர்கள் முறைத்தார்கள். இங்கே அது என் சட்டம்: பயந்தவரை முதலில் கூப்பிடு. காத்திருக்க வைத்தால் பயம் பல்லை விடப் பெரிதாகிவிடும்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. "அப்போ அந்த ஊரை ஏன் கடைசியில போட்டு வெச்சிருக்க?" என்றார்.

மனுஷனுக்கு எங்கிருந்துதான் இந்த வாய் வந்தது?

"அவன் பயப்படலைங்க. போறேன்னுதான் சொல்றான்."

"நான் அவனைச் சொல்லலை."

உண்மைதான். அந்த ஊரை நினைத்துப் பயப்படுவது நான்தான். அவன் எட்டு ஊரில் கைதட்டல் வாங்கிக்கொண்டு அந்த ஒரு ஊரை மட்டும் சுற்றிக்கொண்டு போனால், அவன் பேசுகிற பேச்சுக்கே என்ன மரியாதை? எவனாவது எழுந்து, 'அந்த ஊருக்குப் போனீங்களா சார்?' என்று கேட்டால்?

ரப்பர் எடுத்து அழித்தேன். பேனாவால் எழுதினேன். முதல் ஊர்.

மார்ச் 25, புதன்

மன்றச் செயலாளருக்கு நீளமான கடிதம் தட்டச்சு செய்தேன். ஏப்ரல் 22. மூன்று நிபந்தனை. அரங்கத்துக்குள்தான் கூட்டம், மைதானத்தில் கூடாது. பேசி முடிக்கும்வரை வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும். யாருடைய கை என்று யாரும் கேட்கக் கூடாது.

டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, கல்யாணத்துக்கு எழுதுறீங்களா, கோர்ட்டுக்கு எழுதுறீங்களா?" என்றார். டாக்டராக இருந்தாலும் இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும்? அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார், அவசர அவசரமாக உறையில் போட்டு ஒட்டினேன்.

மார்ச் 30, திங்கள்

ஐயையோ. ஐயையோ.

கிளினிக் நினைவூட்டல் அட்டை ஒன்று குறைகிறது. புதன்கிழமை மேசையில் எடுத்து வைத்தது. தேதியும் நேரமும் எழுதி நோயாளிக்கு அனுப்புவோமே, அதேதான். எங்கே போயிருக்கும் என்று சந்தேகமே இல்லை. கடிதத்தோடு சேர்த்து மடித்து உள்ளே தள்ளியிருக்கிறேன்.

அதில் அச்சடித்திருப்பது: "குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வரவும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வரவும். பயப்பட வேண்டாம், அதிகம் வலிக்காது."

என் தம்பி மேல் கல்லெறிந்த ஊருக்கு! மூன்று நிபந்தனைக்குக் கீழே! கிண்டல் பண்ணுறோம்னு நெனச்சுக்கிட்டா? மன்னிப்புக் கேட்டு எழுதலாமா? எழுதினால் இன்னும் அசிங்கம். இருபது வருஷமாக ஒரு அட்டை மாறிப் போனதில்லை என்னிடம். போயும் போயும் இந்த ஊருக்கா?

ஏப்ரல் 4, சனி

தபாலட்டை வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன்.

"தேதி ஒப்புதல். மூன்று நிபந்தனைகளும் ஒப்புதல். அட்டையும் கிடைத்தது. மன்றக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். நாலு வருடத்துக்குப் பிறகு இந்த விஷயத்தில் எங்கள் ஆட்கள் முதல்முறையாகச் சிரித்தார்கள். ஒரு சந்தேகம்: அதிகம் வலிக்காது என்றது எங்களுக்கா, உங்கள் தம்பிக்கா?"

அப்பாடா. மனுஷன்தான் அவரும். அடியில் ஒரு வரி, இடம் போதாமல் சரிந்து எழுதியிருந்தது: "நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வலி மாத்திரை தயாராக இருக்கும்."

ஒரே வரியில் பதில் போட்டேன்: "எனக்கு இரண்டு எடுத்து வையுங்கள்."

ஏப்ரல் 12, ஞாயிறு

தம்பி மாடியில் நடந்து நடந்து பேசிப் பார்க்கிறான். கீழே துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "ஊதினது தப்பு. ஊதினதை மாத்தாம இருந்திருந்தா அது ரெண்டாவது தப்பு." நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊருக்கு என்று தனியாக ஒன்றும் தயார் செய்யவில்லை. கேட்டால், "எல்லா ஊருக்கும் ஒரே ஆட்டம், ஒரே விதிக்கா" என்கிறான்.

டீ கொடுக்கும்போது மெதுவாக, "எனக்காவது சொல்லேன்டா. யார் கை?"

"அக்கா, டீ ஆறுது."

ஏப்ரல் 21, செவ்வாய்

நாளைக்கு. நானும் கூடப் போகிறேன். யார் கூப்பிட்டார்கள் என்று அவன் கேட்டான். அலுவலகம் போகிறது என்றேன்.

ஏப்ரல் 22, புதன்

பஸ் நிலையத்தில் செயலாளர் நின்றார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். தம்பிக்குக் கை கொடுத்துவிட்டு என்னிடம் ஒரு சின்னப் பொட்டலம் நீட்டினார். இரண்டு மாத்திரை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வண்டி நேராக மைதானத்துக்குப் போனது. மேடை போட்டிருந்தார்கள்.

"அரங்கம்னுதானே எழுதினீங்க? உங்க கையெழுத்து இருக்கு என்கிட்ட!"

"அரங்கத்துல முந்நூறு பேர்தாம்மா உக்கார முடியும். வெளிய எட்டிப் பாருங்க."

பார்த்தேன். மூன்று பக்கமும் தலைகள். மரத்தில்கூட ஆட்கள். இத்தனை பேரும் எதற்கு வந்திருக்கிறார்கள்? பேச்சு கேட்கவா, கணக்குத் தீர்க்கவா? வண்டி நிற்கிறதா என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். நின்றது, ஆனால் ஓட்டுநர் இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

செயலாளர் எழுந்து அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்திருக்கீங்களா?" ஒரு சிரிப்பு ஓடியது. எனக்கு நாற்காலிக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

தம்பி எழுந்தான். மேடையில் ஏறவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு புல்லில் நடந்து போய், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், அன்றைக்கு நின்ற இடத்தில் போய் நின்றான். "இங்கதான் நின்னேன். இங்கருந்து எனக்குப் பாதிதான் தெரிஞ்சுது. முழுசா தெரியறதுக்கு முன்னாடி ஊதிட்டேன். உங்களுக்கு ஒரு சந்தோஷத்தைக் குடுத்துட்டுப் பிடுங்கிட்டேன். ஊதாமலே இருந்திருந்தா உங்களுக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அந்தத் தப்பு என்னோடது. அதைச் சொல்ல நாலு வருஷம் லேட்டா வந்திருக்கேன்."

இதை அவன் மாடியில் பேசிப் பார்க்கவே இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல்: "எவ்வளவு வாங்கின?"

"நாலு தையல்," என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான். பாதிக் கூட்டம் சிரித்தது, பாதி சிரிக்கவில்லை.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. நிபந்தனையாவது ஒன்றாவது. ஒரு ஆள் எழுந்து நின்று, "அதெல்லாம் சரி. யார் கை? அதைச் சொல்லு. சொன்னா நம்புறோம். சொல்லலைன்னா கையே படலை, நீ விலை போனவன்தான்" என்றான். இன்னும் பத்துப் பேர் "சொல்லு, சொல்லு" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு பேரைச் சொல்லித் தொலையேன்டா, சொன்னா உன் பேரு சுத்தமாயிடும்டா என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் சத்தம் அடங்கும்வரை நின்றான். அடங்கியதும் சொன்னான்: "அன்னைக்கு ஆடின பதினொண்ணும் இந்த ஊர்ப் பசங்க. பத்தொன்பது, இருபது வயசு. அவங்க இங்கதான் வாழணும். நான் வெளியூர், பஸ் ஏறிப் போயிடுவேன். அதனால கல்லு என் மேலயே விழட்டும். விலை போனவன்னு சொல்லணும்னா சொல்லிக்கோங்க. பேரு என் வாயில இருந்து வராது."

யாரும் கைதட்டவில்லை. யாரும் ஒன்றும் செய்யவில்லை.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, முழங்கால் வலிக்காரர், உட்கார்ந்ததிலிருந்து காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கோல் கம்பத்தைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: "அந்தப் பதினொண்ணுல என் பையன் ஒருத்தன். அவன் கையா இருக்குமோன்னு நாலு வருஷமா பயம். ஒரு நாளும் கேட்டதில்லை. இனிமேலும் கேக்க மாட்டேன்." பிறகு எழுந்து, கம்பை ஊன்றிக்கொண்டு, புல்லில் தம்பியை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு பெண் எழுந்தாள். அதன் பிறகுதான் கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. எல்லாரும் தட்டினார்கள் என்று பொய் எழுத மாட்டேன், பேரைக் கேட்ட அந்த ஆள் கிளம்பிப் போய்விட்டான். போகட்டும்.

அணியிலிருந்தவர்கள் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். நானும் மனுஷிதானே, ஒவ்வொருவன் முகமாகப் பார்த்தேன். ஒருத்தன் கையை விடவே இல்லை. இவன்தானா என்று நினைத்தேன். அடுத்தவனும் விடவில்லை. அதற்கடுத்தவன் அழுதான்.

திரும்பும் பஸ்ஸில் கேட்க வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"தண்ணி வேணுமாடா?" என்றேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மாத்திரை இரண்டும் பையிலேயே இருக்கின்றன.

மே 7, வியாழன்

நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் அந்த மாணவி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஓட்டுநர் சங்கத்தில் மூன்று மணி நேரம் விடவில்லையாம். எழுதுகிறான், எழுத்து கோழி கிளறிய மாதிரி.

மே 19, செவ்வாய்

கடைசி ஊரும் முடிந்தது. ஒரு ரயிலும் தவறவில்லை. முதல்வர் மறுபடியும் "தங்கள் அலுவலகம்" என்று எழுதியிருக்கிறார். டாக்டர் அதைப் படித்துவிட்டு என் ஸ்டூலுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டார்.

ஜூன் 9, செவ்வாய்

மருந்துக்கடைக்காரரிடமிருந்து. இந்த முறை தபாலட்டை இல்லை, உறை. மன்றத்தின் முத்திரை, கீழே நிறையக் கையெழுத்து.

"ஆகஸ்டில் எங்கள் மைதானத்தில் மீண்டும் இறுதி ஆட்டம். எங்கள் அணியும் ஆடுகிறது. நடுவராக யாரைக் கேட்பது என்று பேசினோம். அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. உங்கள் தம்பியை அனுப்ப முடியுமா? நிபந்தனைகள் இருந்தால் எழுதவும். எங்களுடையது ஒன்றுதான்: தப்பு என்று தெரிந்தால் மாற்ற வேண்டும்."

படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் பயந்துபோய், "என்னம்மா, கெட்ட செய்தியா?" என்றார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். எப்படிச் சொல்வது அவருக்கு?

சாயங்காலம் தம்பியிடம் கொடுத்தேன். படித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். "தேதி இருக்கான்னு பாருக்கா" என்றான். தேதி இல்லாமல் போகுமா? அந்த மாதம் முழுக்க அவனுக்காக அழித்திருப்பேன்.

ஜூன் 10, புதன்

பதில் போட்டேன். நிபந்தனை ஏதுமில்லை. தெரிந்தே ஒரு நினைவூட்டல் அட்டையையும் உள்ளே வைத்தேன்.

ஜூன் 15, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. காலையில் கிளம்பும்போது சாவி எடுக்கப் போனேன். ஆணியில் சாவி மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

பத்தரை மணிக்கு உள்ளே ஒரு பெண்ணுக்குப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தெருக்கோடியிலிருந்து நீளமாக ஒரு விசில். ஒரே ஊதல். காத்திருந்தவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

டாக்டர் உள்ளேயிருந்து, "என்னக்கா அது சத்தம்?" என்றார்.

"என் தம்பி, டாக்டர்" என்றேன்.